வண்டிகளை நிறுத்தச் சொன்ன கோமதி

செவ்வாய்க்கிழமை காலை, புனேயில் கோந்த்வாவில் எங்கள் அடுக்ககத்தின் லிஃப்டுக்காகக் காத்து நின்றபோது அழைப்பு வந்தது. திரையில் கோமதியின் பெயர். எடுத்ததும் "சொல்லு கோமதி" என்றேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவள் கணவர் முருகேசன் அண்ணாவின் குரல் வந்தது. "பிரபா, கோமதி போயிட்டாம்மா. டெங்குன்னுதான் சேத்தோம். நேத்து சாயங்காலம் கூட இட்லி கேட்டா." லிஃப்ட் வந்து கதவு திறந்தது. யாரும் ஏறாததால் தானே மூடிக்கொண்டு கீழே போயிற்று.

கோந்த்வாவிலிருந்து சிஞ்ச்வட் போக ஊரையே குறுக்காகக் கடக்க வேண்டும். வழி நெடுகச் சிக்னல்களில் நின்று நின்று போன அந்த டாக்சியில், அவளை எடுத்துவிடுவதற்குள் போய்ச் சேருவேனா என்ற பயம்தான் இருந்தது. அழுகை வரவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் அவள் மகள் நித்யா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, தனக்குத் தெரிந்த தமிழில், "ஆன்ட்டி, அம்மாவோட ஃபோன்ல அலாரம் அடிச்சிட்டே இருக்கு. எனக்கு ஆஃப் பண்ண மனசு ஆகல" என்றாள்.

இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களில் பலர் கோமதியை அவள் குடியிருந்த சிஞ்ச்வட் அடுக்ககச் சொசைட்டியின் செயலாளராக அறிந்தவர்கள். தண்ணீர் டேங்கர்காரரோடு அவள் போட்ட சண்டைகளைப் பால்கனியில் நின்று பார்த்தவர்கள். சங்கரன்கோவிலிலிருந்து புனேக்கு வந்து இத்தனை வருடங்களாகியும் மராத்தியைத் திருநெல்வேலி ராகத்தில்தான் பேசுவாள். காய்கறிக்காரம்மா அதைக் கேட்டுச் சிரிப்பார். கோமதி தானும் சிரித்துவிட்டு, விலையில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அவள் என்ன வேலை செய்தாள் என்பது உங்களில் அநேகம் பேருக்குத் தெரியாது. 'கம்ப்யூட்டர் வேலை' என்று அவளே சொல்லி முடித்துவிடுவாள். பக்கத்து மேசையில் இருந்து அந்த வேலையைப் பார்த்தவள் நான். அதைத்தான் எழுத நினைக்கிறேன். 'அவர்' என்று தொடங்கிப் பார்த்தேன், கை ஒத்துழைக்கவில்லை. ஒரே வயதுக்காரி, என்னை ஒருமையில் அழைத்தவள். 'அவள்' என்றே எழுதுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாள். வங்கியில் வேலை செய்யும் என் கணவர், நீங்கள் இருவரும் நாள் முழுக்க என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் விளக்க ஆரம்பித்துப் பாதியில் சிக்கிக்கொண்டேன். கோமதி ரசத்தை இலையில் ஊற்றச் சொல்லிவிட்டு இப்படிச் சொன்னாள். ஒரு பெரிய கிடங்கு இருக்கிறது. உள்ளே கணினிகளுக்கு வேண்டிய மென்பொருள்கள் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கின்றன. வாசலில் ஒரு பலகை. எந்த மூட்டை இருக்கிறது, எத்தனையாவது பதிப்பு, எது எதோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் கணினி எதுவும் நேரே கிடங்குக்குள் நுழைவதில்லை. முதலில் பலகையைப் படிக்கும். படித்ததை ஒரு நகல் எடுத்துக்கொண்டு போய்விடும். பிறகு அந்த நகலைப் பார்த்துத்தான் எதைக் கொண்டுவருவது என்று முடிவு செய்யும்.

பலகையில் எழுத்து மாறிவிட்டால் என்னாகும் என்று என் கணவர் கேட்டார்.

"அதான் எங்க பொழப்பு" என்றாள் கோமதி. "நகலுக்கு ஒரு ஆயுசு வச்சிருக்கும். அது தீருற வரைக்கும் திரும்பி வந்து பாக்காது. ஆயிரம் பேரு நிமிசத்துக்கு ஒருக்கா எட்டிப் பாத்தா வாசல் தாங்காதுல்லா?"

அந்தப் பதிலை நாங்கள் சிரித்துக்கொண்டே கேட்டோம். சில மாதங்கள் கழித்து, அதே விஷயம் புனேக்கு வெளியே சாகணில் ஓர் ஆலையில் எங்கள் இருவரையும் கொண்டுபோய் நிறுத்தியது.

அந்த ஆலையில் கார்களுக்கான உதிரிபாகங்கள் செய்கிறார்கள். பாகங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக ஓட்டுநர் இல்லாமல் தாமே ஓடும் வண்டிகள் தரையில் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மேசை அகலம். பாரம் ஏற்றினால் ஒரு சின்ன கார் அளவுக்குக் கனக்கும். வண்டியின் முன்பக்கத்தில் ஓர் உணர்கருவி உண்டு. எதிரே ஆள் வந்தால் தூரத்திலேயே கண்டுகொண்டு வேகத்தைக் குறைத்து நின்றுவிடும். அலமாரியை ஒட்டிப் போய்ச் சரக்கு எடுக்கும்போது மட்டும், அலமாரியையே தடை என்று நினைத்துவிடாமல் இருக்க, வண்டி தன் பார்வையைச் சுருக்கிக்கொள்ளும். விலகியதும் மறுபடி விரித்துக்கொள்ள வேண்டும். எங்கள் நிறுவனம் எழுதிக் கொடுத்த மென்பொருளில் ஒரு பிழை இருந்தது. சில சமயம் விலகிய பிறகும் பார்வை விரியவில்லை. சோதனையின்போது எங்கள் குழுவே அதைக் கண்டுபிடித்தது. திருத்திய பதிப்பைக் கிடங்கில் ஏற்றிப் பலகையையும் மாற்றினோம். பராமரிப்புக்காக ஆலை நின்றிருந்த ஒரு காலையில், எல்லா வண்டிகளுக்கும் புதிய பதிப்பை நிறுவும் ஆணையை அனுப்பினோம்.

எங்கள் அலுவலகத் திரையில் வண்டிகள் ஏறத்தாழ எல்லாம் ஒருசேரப் பச்சையாயின. எங்கள் மேலாளர் குல்கர்னி எல்லோர் கையையும் குலுக்கினார். மதிய ஷிஃப்டில் வண்டிகள் ஓடலாம் என்று ஆலைக்குத் தகவல் போயிற்று. அனுமதித்த நேரம் முடிந்ததும், வழக்கம்போல், ஆலை எங்களுக்குத் தந்திருந்த இணைப்பை மூடிவிட்டது.

கேன்டீனில் சாப்பிட உட்கார்ந்தோம். கோமதி டப்பாவைத் திறக்கவில்லை. அந்த ஆலையின் வைஃபையில் அவ்வளவு பெரிய மூட்டை ஒரு வண்டிக்குப் போய்ச் சேரவே நேரமாகும், இன்றைக்கு எப்படி எல்லாம் ஒன்றாக முடிந்தது என்று கேட்டாள். நெட்வொர்க்கைச் சரிசெய்திருப்பார்கள் என்றேன்.

"பந்தில உக்காந்த அத்தன பேரும் ஒரே நேரத்துல கை கழுவ எந்திரிச்சா, சோறே போடலன்னு அர்த்தம் பிரபா."

அப்படியே எழுந்து போனாள். நானும் பின்னால் போனேன். என் மேசையில் உட்கார்ந்து இருவரும் யோசித்தோம். வண்டிகளில் பலகையைப் படிக்கிற நிரல்கள் இரண்டு இருந்தன. ஒன்று, புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்து எங்கள் திரைக்குச் சொல்வது. மற்றது, மூட்டையை எடுத்து வந்து நிறுவுவது. இரண்டும் படிப்பது ஒரே பலகையைத்தான். ஆனால் நகலைப் பகிர்ந்துகொள்வதில்லை. ஆளுக்கொரு நகல் வைத்திருந்தன. முதல் நிரல் அன்று காலை புது நகல் எடுத்திருந்தது, ஆகவே எங்கள் திரையில் புதுப் பதிப்பு தெரிந்தது. நிறுவுகிற நிரலிடம் பழைய நகல் இருந்து, அதன் ஆயுளும் தீராமல் இருந்தால்? 'செய்வதற்கு வேலை எதுவும் இல்லை' என்று சொல்லிவிட்டு, பிழை ஏதுமின்றி முடித்துக்கொள்ளும். பிழையில்லாமல் முடிந்தால் எங்கள் திரை பச்சை காட்டும். எதையுமே செய்யாத வேலையும் பிழையில்லாமல்தான் முடியும்.

இதைச் சொல்லி முடித்ததும் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆலையில் ஷிஃப்ட் மாறும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

குல்கர்னியிடம் ஓடினோம். அவர் கெட்டவர் அல்ல. இதை எழுதும்போது அதையும் சொல்லியாக வேண்டும். ஊகத்தை வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் நிறுத்தச் சொன்னால் அடுத்த ஒப்பந்தம் போய்விடும், முதலில் நிரூபியுங்கள் என்றார். இணைப்பு மூடியிருக்கிறது, எப்படி நிரூபிப்பது என்று கோமதி கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் ஆலைத் தளத்தின் மேற்பார்வையாளர் ஷிண்டேவை அழைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள். பக்கத்தில் இருக்கும் வண்டியின் சின்னத் திரையில் பதிப்பு எண்ணைப் படிக்க முடியுமா என்று இந்தியில் கேட்டாள்.

ஷிண்டே நடந்துபோகும் சத்தம் கேட்டது. படித்தார். புதிய பதிப்பு.

குல்கர்னி நாற்காலியில் சாய்ந்தார். எனக்கும் உயிர் வந்தது. கோமதி மட்டும் நின்றபடியே இருந்தாள். அந்த வண்டி காலையில் அணைத்து வைக்கப்பட்டிருந்ததா என்று ஷிண்டேவைக் கேட்டாள். ஆமாம், சார்ஜ் கோளாறாகி நின்றிருந்தது, நீங்கள் அனுப்பத் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் போட்டோம் என்றார். அப்படியானால் அது எழுந்ததும் புது நகல் எடுத்திருக்கும். அணைக்காமலே இருந்த ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். மறுபடி நடக்கும் சத்தம். பின்னணியில் சைரன். ஷிஃப்ட் தொடங்குகிற சைரன் அது. ஷிண்டே ஓர் எண்ணைப் படித்தார். பழைய எண். இன்னொன்றுக்குப் போனார். அதுவும் பழையது.

நிறுத்துங்கள் என்றாள் கோமதி. தனக்கு அதிகாரம் இல்லை, ஆலைத் தலைவர் மீட்டிங்கில் இருக்கிறார், அவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார் ஷிண்டே. வண்டிகள் நகர ஆரம்பித்துவிட்டனவா என்று கேட்டாள். ஆமாம் என்றார். தூணில் இருக்கும் சிவப்புப் பொத்தானை இப்போதே அழுத்துங்கள், யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள் என்றாள். குல்கர்னி கையை உயர்த்தினார். என்ன சொல்ல வந்தார் என்று தெரியாது. அதற்குள் தொலைபேசியில் ஒரு பெரிய ஓசை அடங்கியது கேட்டது. அதுவரை அங்கே அத்தனை இரைச்சல் இருந்தது என்பதே அது நின்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சாகணுக்கு என் காரில் போனோம். நான் ஓட்டினேன். லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்த அந்த நெடுஞ்சாலையில் அவள் தொலைபேசி விடாமல் அடித்தது. ஆலைத் தலைவர், எங்கள் விற்பனைத் துறை, மறுபடி ஆலைத் தலைவர். எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள், வந்துகொண்டிருக்கிறேன் என்று. ஒரு சிக்னலில் என்னிடம் மட்டும், "நான் தப்பாச் சொல்லியிருந்தா?" என்று கேட்டாள். எண்ணைத்தான் படித்துவிட்டார்களே என்றேன். "எண்ணு பழசு. ஆனா அந்தப் பிழ இந்த ஆலைல வருதான்னு ஒருத்தரும் பாக்கலயே" என்றாள். பச்சை விழுந்தது.

ஆலைத் தலைவர் வாசலிலேயே நின்றிருந்தார். நல்ல உயரம், வெள்ளைத் தலைக்கவசம். உணர்கருவியில் எந்தக் குறையும் இல்லை, காலையில்கூடச் சோதித்தோம், உங்கள் ஒரு தொலைபேசி அழைப்பால் ஓர் ஆலையே நின்றிருக்கிறது என்று மராத்தியில் பொரிந்தார். கோமதி குறுக்கிடவில்லை. அவர் முடித்ததும், ஆளில்லாத ஒரு பாதையில் பழைய பதிப்புள்ள வண்டி ஒன்றை மட்டும் ஓட விடுங்கள் என்று கேட்டாள். வெறும் அட்டைப்பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி, அலமாரி தாண்டும் திருப்பத்தில் வைக்கச் சொன்னாள்.

முதல் தடவை வண்டி அலமாரியைத் தொட்டு, விலகி, திரும்பி, பெட்டிகளுக்கு வெகு முன்னாலேயே அழகாக நின்றது. ஆலைத் தலைவர் எங்கள் பக்கம் திரும்பினார். கோமதி இன்னொரு தடவை என்றாள். இரண்டாவது தடவையும் நின்றது. தளத்தில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் துப்பட்டாவின் நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை என்றாள்.

மூன்றாவது தடவை வண்டி அலமாரியை விட்டு விலகியது, திரும்பியது, வேகம் குறையவில்லை. பெட்டிகளில் மோதி, அடியில் இருந்ததை நசுக்கித் தள்ளிக்கொண்டே போய்த்தான் நின்றது. வழக்கமாக அந்தத் திருப்பத்தில் குனிந்து தட்டுகளை அடுக்கும் ஒரு பெண் கூட்டத்தில் நின்றிருந்தார். நசுங்கிய அட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகப் பின்னால் நகர்ந்து சுவரை ஒட்டி நின்றுகொண்டார். ஆலைத் தலைவர் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. வண்டிகளில் இருந்த பழைய நகல்களை ஒவ்வொன்றாக அழித்தோம், இனி பலகையை நேரே படித்தாக வேண்டும் என்பதற்காக. படிக்கப் போன வண்டிகள் மறுத்துவிட்டன. பலகை பல தாள்களால் ஆனது. மேல்தாள், கீழே இருக்கும் ஒவ்வொரு தாளுக்கும் உரிய அடையாளத்தைச் சொல்லும். மேல்தாள் சொன்ன அடையாளமும் கீழே கிடைத்த தாளும் பொருந்தவில்லை என்றது வண்டி. எங்கள் அலுவலகத்தில் வேறொரு குழு அதே நேரம் இன்னொரு மூட்டையைக் கிடங்கில் ஏற்றியிருந்தது. வண்டிகள் நேரே படிப்பது, எங்கள் கிடங்கைப் படியெடுத்து ஆலைக்குள் வைத்திருந்த ஒரு நகல் கிடங்கை. அது மேல்தாளைப் புதிதாக எடுத்துக்கொண்டு, மற்றவற்றை இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது.

இந்தச் சரிபார்ப்பை மட்டும் இன்றைக்கு அணைத்துவிடுங்கள், ஒரே ஒரு வரிதானே என்று குல்கர்னி தொலைபேசியில் கெஞ்சினார். அணைத்தால் சில நிமிடங்களில் வண்டிகள் ஓடியிருக்கும். கோமதி முடியாது என்றாள். அரைகுறைத் தாளை நம்பி எது எங்கே நிறுவப்படும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள். "இன்னைக்கு ஒரு நாள் அணைச்சா, என்னைக்கு சார் திரும்பப் போடுவோம்?" என்று ஆங்கிலமும் இந்தியும் கலந்து அவரிடம் கேட்டதை அப்படியே தமிழில் என்னிடமும் ஒரு தடவை கேட்டாள். பிறகு கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பிளாஸ்டிக் தட்டின் மேல் உட்கார்ந்தாள். அவளைச் சுற்றி வேலையில்லாமல் ஒரு ஷிஃப்ட் ஆட்கள் அத்தனை பேரும் நின்றார்கள். நகல் கிடங்கு எல்லாத் தாள்களையும் இழுத்து முடித்ததும் வண்டிகள் தாமாகவே புதுப் பலகையை ஏற்றுக்கொண்டன. ஒவ்வொரு வண்டியின் திரையையும் நடந்துபோய்ப் பார்த்தோம். அதே திருப்பத்தில் அட்டைப்பெட்டி வைத்து, பொழுது சாயும் வரை ஓட்டிப் பார்த்த பிறகுதான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

அவளுக்குப் பாராட்டு கிடைத்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். மதிய ஷிஃப்டின் உற்பத்தி நின்றுபோனதென்று வாடிக்கையாளர் கொடுத்த புகாரால் அந்த ஆலையின் பொறுப்பிலிருந்து அவளை மாற்றினார்கள். அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வும் வரவில்லை. அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. மாறாக, ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வண்டியில் இருக்கும் இரண்டு நிரல்களும் ஒரே நகலைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆணை முடிந்ததா என்று பார்க்காமல், வண்டியில் இப்போது ஓடுவது எந்தப் பதிப்பு என்று கேட்டுத்தான் திரை பச்சையாக வேண்டும். கேட்டுக் கேட்டுச் சலித்தே கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். இன்று எங்கள் நிறுவனத்தின் எல்லா வண்டிகளும் அப்படித்தான் ஓடுகின்றன.

அவளை எடுத்துச் சென்ற பிறகு, சொசைட்டி வாசலில் ஒருவர் என்னிடம் வந்து தன்னை ஷிண்டே என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அன்று ஆலையில் நான் பார்த்தபோது இருந்ததைவிட நரைத்திருந்தார். மனைவியையும் கூட்டி வந்திருந்தார். பொத்தானை அழுத்தியதற்காகத் தன்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்தார்கள் என்று சொன்னார். அது எங்கள் யாருக்கும் தெரியாது. கோமதிக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது. அந்த ஆலைக்கு இனி வரவேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்தவள், விடுப்பு எடுத்துக்கொண்டு, பேருந்து பிடித்து சாகணுக்குப் போயிருக்கிறாள். வாசலில் உள்ளே விடவில்லை. மறுநாள் மறுபடி போயிருக்கிறாள். ஆலைத் தலைவர் வெளியே வரும்வரை காவலாளியின் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்து, நிறுத்தியது ஷிண்டே அல்ல, நான்தான், விசாரணை என்றால் என்னை வைத்து நடத்துங்கள் என்று சொல்லியிருக்கிறாள். ஷிண்டேவை அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளும்வரை அவள் போவதை நிறுத்தவில்லை. அவர் இதையெல்லாம் இந்தியில் நிதானமாகச் சொன்னார். அவர் மனைவி கோமதியின் வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளோடு எத்தனையோ நாட்கள் ஒன்றாகச் சாப்பிட்டவள் நான். இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவள் சொல்லவில்லை. கோபம் வந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

போன வாரம் எங்கள் குழுவில் ஒருவர், ஓர் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்த புதுப்பிப்பைச் சந்தேகத்தின் பேரில் பாதியில் நிறுத்தினார். நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டு வாடிக்கையாளரிடமிருந்து கடுமையான மின்னஞ்சல் வந்தது. அவர் அந்த மின்னஞ்சலோடு என் மேசைக்கு வந்து நின்றார். அவருடைய சந்தேகம் சரியா தவறா என்று எனக்கும் அப்போது தெரியாது. பதிலை நானே எழுதினேன். நான்தான் என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டு அனுப்பினேன். கோமதியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது 'நான்தான்' என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான்.